மூன்றாவது குரல்

போன வாரம் நடுவுக்காரியைப் பரிசோதனைக்கூட வாசலில், கையுறையைக்கூடக் கழற்றாமல், வாயடைத்துப்போய் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாளா என்று யாரும் என்னைத் திட்ட வேண்டாம். அவள் கணக்கில் ஒரே ஒரு ராத்திரிதான் போயிருக்கிறது. அந்த ராத்திரியில் அவள் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை.

வந்து நின்றவன் தம்பி. இரண்டு வருஷம் முன்பு அண்ணன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் படியிறங்கிப் போனவன். போதையில் வீட்டையே தலைகீழாக்கிக்கொண்டிருந்த பிள்ளை அவன். டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "சிகிச்சைக்குச் சம்மதிக்கிற வரைக்கும் உள்ளே விடாதீங்க. பாவம் பார்த்து விட்டீங்கன்னா, நீங்களே அவனைக் கொன்ன மாதிரி." அண்ணன் விடவில்லை. தாழ்ப்பாளைப் போட்டது அண்ணன் கை. ஆனால் உள்ளே அம்மா இருந்தாள், அண்ணி இருந்தாள், நடுவுக்காரியும் இருந்தாள். தட்டின சத்தம் நாலு பேர் காதிலும்தான் விழுந்தது.

போனவன் வேறு ஊரில் ஒரு வழியாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, ஒரு பேக்கரியில் வேலைக்கும் சேர்ந்து, ஆள் தெளிந்து வந்து நிற்கிறான். ஒட்டியிருந்த கன்னம் நிரம்பியிருக்கிறது. கை நடுங்கவில்லை. ரத்தம் எடுக்க நரம்பைத் தொட்டே ஆளை எடைபோடுகிற நடுவுக்காரிக்கு அதைப் பார்த்ததுமே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, அம்மா எப்படி இருக்கா?"

இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்போது இவனைத் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை.

நடுவுக்காரி சிரித்தாள். "அம்மாவுக்கென்ன, நல்லா இருக்கா. நாளைக்கு நாடகம்டா, தலைக்கு மேல வேலை. அது முடியட்டும், நானே உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு, தோழி வீட்டு மாடியறையில் அவனைத் தங்கவைத்தாள்.

எதற்கு இந்தப் பொய் என்கிறீர்களா? கேட்டால் அவளே முழிப்பாள். பரிசோதனைக்கூடத்தில் பழகிய முகம் அது. யாருக்கு என்ன வியாதி என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். "ஒண்ணும் பயப்படாதீங்க, டாக்டரைப் பாருங்க" என்று சிரித்த முகமாக அனுப்பிவைப்பாள். வீட்டு விஷயத்தைச் சொல்ல எந்த டாக்டர் வருவார் என்று நினைத்தாளோ! கேட்டவுடன் பையன் இடிந்துபோய் மறுபடி பாட்டிலைத் தேடிப் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவள் நாக்கைக் கட்டிப்போட்டது.

மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்ததால் அவளுக்கு நடுவுக்காரி என்று பெயர். தம்பிக்காக அண்ணனிடமும் அண்ணனுக்காகத் தம்பியிடமும் பேசிப் பேசியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது இரண்டு பேரிடமும் பேச முடியாமல் முழிக்கிறாள். தம்பி வந்தது அண்ணனுக்குத் தெரியாது. அம்மா போனது தம்பிக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் இவள்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, விடியுமுன்பே அரங்கத்துக்குப் போய்விட்ட அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"கேஷியருக்குத் தொண்டை போயிடுச்சு!"

"போயிடுச்சுன்னா?"

"போயிடுச்சுன்னா போயிடுச்சு! வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. நேத்து ஒத்திகையில அந்தக் கத்து கத்தும்போதே சொன்னேன், மனுஷன் கேட்டாத்தானே! இப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அண்ணி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள். வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிற குழுவுக்கு அவள்தான் இயக்குநர். இந்த வருஷம் அவள் மறுபடி எடுத்திருப்பது, குழு பல தடவை போட்ட, யார் எழுதினார்கள் என்றே தெரியாத பழைய நாடகம். பெயர் நீளமாக என்னவோ இருக்கும், ஊரில் எல்லாரும் கதவு நாடகம் என்றுதான் சொல்வார்கள்.

கதை சின்னதுதான். ஊருக்கு வெளியே கொள்ளைநோய். பொழுது சாய்ந்தால் கோட்டைக் கதவைச் சாத்திவிட வேண்டும், பிறகு யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று கட்டளை. கதவைச் சாத்தின பிறகு காவல்காரனின் சொந்தத் தம்பி வெளியே வந்து நிற்கிறான். மூன்று முறை கூப்பிடுகிறான். அண்ணன்காரன் திறக்கவில்லை. ஊர் பிழைத்துக்கொள்கிறது. இரண்டாம் பாதியில், பிழைத்த ஊரே காவல்காரனைச் சூழ்ந்துகொண்டு, "உடன்பிறந்தவனை இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனம் வந்தது?" என்று கேட்கிறது. அவன் திருப்பிக் கேட்கிறான்: "திற என்று சொல்ல அன்று உங்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லையே, ஏன்?"

எவ்வளவு பழைய நாடகமாக இருந்தால் என்ன? நோய் பரவின நாளில் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி கேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதை மறந்தவர் யார்? டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

காவல்காரன் வேஷம் அண்ணனுக்கு. வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தான். "உங்களை விட்டா எனக்கு ஆள் இல்லை" என்று அண்ணி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். நிஜமாகவே ஆள் இல்லையா, இல்லை வேறு கணக்கா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

வெளியே நிற்கிற தம்பிக்கு முகமே கிடையாது. கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் மட்டும்தான். மூன்றே வசனம். அதைத்தான் வங்கிக் கேஷியர் பேசுவதாக இருந்தது.

"யாராவது இருக்காங்களா? உனக்குத் தெரிஞ்சு?" என்றாள் அண்ணி.

நடுவுக்காரியின் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. கெட்ட நேரத்தில்தான் நமக்கெல்லாம் இப்படிப் பளிச்சிடும். முன்பு ஒரு தடவை இதே குழு இதே நாடகத்தைப் போட்டபோது அந்தக் குரலைப் பேசினவன் அவர்கள் வீட்டுத் தம்பிதான். வசனம் மறந்திருக்காது.

"ஒருத்தன் இருக்கான் அண்ணி. நேத்துதான் வந்தான்."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

"அத்தை விஷயத்தை எப்படித் தாங்கிக்கிட்டான்?"

"ம்" என்றாள் நடுவுக்காரி. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

"உங்க அண்ணன்கிட்ட இப்போ சொல்லாதே. தெரிஞ்சா மேடை ஏறவே மாட்டார். முதல் பாதி முடியட்டும், நானே ரெண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தறேன்."

நடுவுக்காரி நினைத்ததும் அதையேதான். கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டால், நாடகமே பாதிப் பேச்சைப் பேசிவிடும், மீதியைத் தான் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினாள். குழுவின் பழைய வழக்கம் ஒன்றும் அவளுக்குத் தோதாக இருந்தது. நாடகத்தன்று காலையிலிருந்து காவல்காரனும் குரலும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. பார்த்துச் சிரித்துப் பேசிவிட்டு மேடை ஏறினால் குரலில் பொய் தட்டுமாம். அதனால் குரல்காரர் பின்சந்து வழியாக வந்து, பின்பக்கமாகவே உட்கார்ந்திருப்பார்.

மத்தியானம் தம்பியைப் பின்சந்து வழியாகவே கூட்டிவந்தாள்.

மேடையின் பின்னால் பெயின்ட் வாடை. பிளைவுட்டில் அடித்த பெரிய கதவு, மேடைப் பக்கம் பார்த்தால் நூறு யானை மோதினாலும் அசையாது போல இருக்கும். பின்பக்கம் வெறும் சட்டங்களும், ஆணியும், முட்டுக்கொடுத்த மணல் மூட்டையும். தாழ்ப்பாள் மட்டும் நிஜ இரும்பு.

தம்பி சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். "இந்தக் கதவு தேவலாம்கா. நம்ம வீட்டுக் கதவு ரொம்பக் கனம்."



"அண்ணன் மேல கோபமாடா?"

"தெரியல. ரயில்ல வர்றப்போ பூரா யோசிச்சேன். நன்றி சொல்ல வந்தேனா சண்டை போட வந்தேனான்னு எனக்கே புரியல. அவர் கதவைச் சாத்தலைன்னா நான் செத்திருப்பேன், அது நிஜம். சாத்தினாரேன்னு நினைச்சா இன்னும் ஆறல, அதுவும் நிஜம். அம்மாவைப் பார்த்துட்டா ஏதாவது ஒண்ணு கரையும்னு தோணுது."

நடுவுக்காரி அவசரமாகக் கையிலிருந்த நாடகப் பிரதியைப் புரட்டினாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். "சொல்லிப் பாருடா, வசனம் நினைவிருக்கான்னு பார்ப்போம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் குரல் கோபம்: "அண்ணா, கதவைத் திற! உன் தம்பி வந்திருக்கிறேன். எனக்குமா உன் சட்டம்?" இரண்டாம் குரல் கெஞ்சல்: "அண்ணா, இருட்டுகிறது. ஒரே ஒரு சாண் திற. உன் கையையாவது பிடித்துக்கொள்கிறேன்." சொன்ன விதத்தில் அவள் கை முடியெல்லாம் சிலிர்த்தது.

பிறகு மூன்றாவது. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரிப்பது போல, மெதுவாக:

"சரி அண்ணா, திறக்க வேண்டாம். உள்ளே எல்லாரும் நலமா?"

பிரதியில் ஓடிக்கொண்டிருந்த நடுவுக்காரியின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

எத்தனை வருஷமாக எடுத்துக் கொடுத்த வசனம்! தலைகீழாகக் கேட்டால்கூடச் சொல்வாள். ஆனால் அவளுக்கு அது எப்போதுமே ஒரு அடையாளம் மட்டும்தான். 'எல்லாரும் நலமா' என்று வந்தால் காவல்காரன் 'நலம்' என்பான். அந்த ஒற்றை வார்த்தையில் திரை இறங்கும். பத்திரமாகப் பிரதியை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அது ஒரு கேள்வி என்பதே அவள் புத்தியில் ஏறினதில்லை. இத்தனை ஏற்பாட்டையும் செய்துவிட்டு அந்தக் கேள்வியை மறந்தாளே! நாடகத்திலேயே ஊறினவளுக்குத்தான் இப்படிக் கண் மறைக்கும்.

"டேய், மூணாவது வேண்டாம்டா. ரெண்டோட நிறுத்திடு."

"என்னக்கா விளையாடறியா? அதுதானே நாடகமே."

அண்ணியிடம் ஓடினாள். அண்ணி ஊர்ப்பெரியவர்களுக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மூணாவது குரலை எடுத்துடலாமா? கொஞ்சம் இழுக்கற மாதிரி இருக்கு."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? திரைக்காரர் 'நலம்'ங்கற வார்த்தைக்குத்தான் கயித்தை விடுவார். காலங்காலமா அப்படி. அதை மாத்தினா அவர் ராத்திரி பூரா கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிப்பார்."

திரும்பித் தம்பியிடம் வந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். அவன் மணல் மூட்டையில் உட்கார்ந்து, பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் காட்டினான். உள்ளே பிஸ்கட்.

"நானே சுட்டதுக்கா. அம்மாவுக்குப் பல்லு வலிக்குமேன்னு மெத்துமெத்துன்னு செஞ்சேன்."

"பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அது வெறும் வசனம், அண்ணன் எப்போதும் போல 'நலம்' என்பான், திரை இறங்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள்.

சாயந்திரம் ஒப்பனை அறையில் அண்ணன் காவல்காரன் உடுப்பை மாட்டிக்கொண்டு, குட்டித் திருப்புளியை வைத்து யாருடைய மூக்குக்கண்ணாடியையோ சரிசெய்துகொண்டிருந்தான். கண்ணாடிக் கடைக்காரன் எங்கே போனாலும் இப்படித்தான், கையில் யாராவது உடைந்ததைத் திணித்துவிடுவார்கள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

"கேஷியருக்குப் பதிலா யாரு?" என்றான் நிமிராமலே.

"அதைத்தான் கேக்கக் கூடாதே!"

"ஓகோ, வழக்கம்." திருகாணியைத் திருகினான். "நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. இந்தக் காவல்காரன் செஞ்சது சரியா தப்பா?"

"நாடகம்தானேண்ணா."

"உங்க அண்ணியும் இதையேதான் சொல்றா. அதைத் தீர்மானிக்காம நடிங்க, பார்க்கறவங்க தீர்மானிக்கட்டும்னு. அவளுக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டா." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அம்மா கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்னு இருக்கு. ரெண்டாம் பாதியில ஊரே சேர்ந்து கேக்குது பாரு, அந்த இடம் வந்தாத்தான் எனக்கு மூச்சு விட முடியுது."

நடுவுக்காரி வாயைத் திறந்தாள். "அண்ணா, உன்கிட்ட..."

முதல் மணி அடித்தது. அண்ணன் எழுந்தான். "அப்புறம் சொல்லு."

அப்புறம் என்பது எப்போதும் சௌகரியமான வார்த்தை. அவளும் தலையாட்டிவிட்டாள்.

அரங்கத்தில் காலி நாற்காலி ஒன்று இல்லை. நடுவுக்காரியின் முக்காலி, கதவின் பக்கவாட்டில் துணி மறைவில். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் அண்ணன், அந்தப் பக்கம் இருட்டில் தம்பி. இடையில் விரல் தடிமன் பிளைவுட்.

முதல் குரல் வந்தது.

"அண்ணா, கதவைத் திற!"

அண்ணனின் முதுகு விறைத்தது. மேடையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த முதுகைப் பார்த்தே வளர்ந்தவளுக்குத் தெரியாதா? அவன் மெல்லத் திரும்பி இவள் பக்கம் பார்த்தான். இவள் பிரதிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை.

"சட்டம் உனக்கும்தான், எனக்கும்தான்" என்றான் அண்ணன். சரியான வசனம். குரல் மட்டும் கம்மியது.

இரண்டாம் குரல். "ஒரே ஒரு சாண் திற. உன் கையையாவது பிடித்துக்கொள்கிறேன்."

அண்ணன் கதவின் அருகே போனான். தாழ்ப்பாளில் கை வைத்தான். நாடகத்தில் அப்படிக் கிடையாது. முன் வரிசையில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் துணி மறைவில் அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கை தாழ்ப்பாளிலேயே இருக்க, "கை கொடுத்தால் கதவு போய்விடும், தம்பி" என்றான் அண்ணன். வசனம்தான், அச்சுப் பிசகாத வசனம். அவன் கன்னத்தில் ஒப்பனை கரைந்து வழிந்தது.

மூன்றாவதுக்கு முன் ஒரு நீண்ட மௌனம் உண்டு. அந்த மௌனத்தில் நடுவுக்காரி வேண்டாத தெய்வமில்லை. வசனத்தை மட்டும் சொல்லுடா ராசா, வசனத்தை மட்டும்.

"சரி அண்ணா, திறக்க வேண்டாம். உள்ளே எல்லாரும் நலமா?"

அண்ணன் உதட்டைப் பிரித்தான். திரைக்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

பதில் வருவதற்குள் குரல் இன்னும் ஒன்று கேட்டது. பிரதியில் இல்லாதது. அவனுக்கே தெரியாமல் வாய் தவறி வந்திருக்க வேண்டும். "அம்மா நலமா?"

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவும் நாடகம்தான். அண்ணனுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஆக, இவனுக்குத் தெரியாது. இவனிடம் யாரும் சொல்லவில்லை.

நிற்கிறான், நிற்கிறான், வார்த்தை வரவில்லை. கடைசியில் இடுப்புச் சாவியைத் தொட்டான்.

மேடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வசனம் மறந்துவிட்டது, எடுத்துக் கொடு. 'நலம்' என்கிற ஒற்றை வார்த்தையை எந்தக் காவல்காரனும் மறந்ததில்லை. அண்ணனும் மறக்கவில்லை. சொல்லட்டுமா என்று தன்னைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் எடுத்துக் கொடுத்தால் அவன் சொல்வான். திரை இறங்கும். தம்பி பிஸ்கட் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவான்.

நாக்கு நுனிவரை வந்தது அந்த வார்த்தை.

நடுவுக்காரி பிரதியை மூடினாள். மறுபக்கம் திரும்பி, இருட்டில் நின்றவனைப் பார்த்து, கிசுகிசுக்காமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அம்மா இல்லடா. போன வருஷமே போயிட்டா."

மூன்று வரிசைக்காவது கேட்டிருக்கும். கேட்கட்டும்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. அண்ணன் இழுத்த இழுப்பில் மணல் மூட்டை சரிந்து, கதவு திறந்துகொண்டது. இந்த நாடகம் போட ஆரம்பித்த நாளிலிருந்து திறக்காத கதவு! கொள்ளைநோய் ஊரின் வாசலில், கட்டம் போட்ட சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வாடா" என்றான் அண்ணன். காவல்காரன் குரல் இல்லை அது. "எங்கெங்கெல்லாம் தேடினோம் தெரியுமா? வாடா உள்ள."

தம்பி அண்ணனைப் பார்க்கவே இல்லை. அவன் கண் துணி மறைவில் இருந்த முக்காலியைத் தேடி வந்து நின்றது.

"நேத்தே கேட்டேனேக்கா உன்னை."

"டேய், நீ தாங்க மாட்டியோன்னு..."

"அண்ணனாவது முகத்துக்கு நேரா சாத்தினாரு. நீ சிரிச்சுக்கிட்டே சாத்திட்டியேக்கா."

அவ்வளவுதான் சொன்னான். பொட்டலத்தை மணல் மூட்டையின் மேல் வைத்தான், திரும்பினான், பின்சந்துப் பக்கம் நடந்தான். பின்சந்துக் கதவு படாரென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

அண்ணன் நடுவுக்காரியைப் பார்த்தான். "நேத்தே வந்துட்டானா?"

அவள் தலையை ஆட்டினாள். இந்த இரண்டு வருஷமும், தாழ்ப்பாளைப் போட்டது அண்ணன் கைதான் என்று மனசுக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தாளே, அது இப்போது அவளைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. உடுப்போடும் சாவிக்கொத்தோடும் திறந்த கோட்டைக் கதவு வழியாகவே வெளியே ஓடினான்.

காலி மேடை. திறந்த கதவு. அப்புறம் யாரோ ஒருவர் கைதட்டினார், பின்னால் அரங்கமே எழுந்து நின்று தட்டியது. இப்படி ஒரு முடிவை யாருமே எதிர்பார்க்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"திரையை விடுங்க! விடுங்கய்யா!" என்று அண்ணி மேடைக்குக் குறுக்கே ஓடிவந்தாள்.

"வார்த்தை வரலையேம்மா" என்றார் திரைக்காரர். கயிறு இன்னும் கையில் இருந்தது.

ஒருவழியாகத் திரை விழுந்தது. அண்ணி மூச்சு வாங்க நடுவுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவனுக்குத் தெரியாதா? அத்தை போனது அவனுக்குத் தெரியவே தெரியாதா? காலையில கேட்டேனே, 'ம்'னியே!"

"பொய் சொன்னேன் அண்ணி. அவன்கிட்டயும் பொய் சொன்னேன், உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

பின்னால் தாடி ஒட்டின ஊர்ப்பெரியவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். இடைவேளை முடிந்தால் அவர்கள் காட்சி. ஊரே காவல்காரனைக் கேட்க வேண்டிய காட்சி.

"கேள்வி கேக்க இத்தனை பேரு தயாரா நிக்கறாங்க. பதில் சொல்ல வேண்டிய ஆள் எங்கே?" என்றாள் அண்ணி, பாதி அழுகையில்.

நடுவுக்காரி பிரதியை அவள் கையில் வைத்தாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

"நீ எங்கே போறே? யாரு வசனம் எடுத்துக் கொடுக்கறது?"

"அவங்கவங்க வசனம் அவங்கவங்களுக்குத் தெரியும் அண்ணி."

நாடகம் நடக்கும்போது முக்காலியை விட்டு அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை. பின்சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வலது பக்கம் போனால் வீடு, இடது பக்கம் போனால் பஸ் நிலையம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், அவள் தவிப்பைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வேஷம் போட்ட ஆளைத் தேடறீங்களாம்மா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடறாரு. 'நில்லுடா, நில்லுடா'ன்னு ஒரே கத்தல்."

"முன்னாடி ஒரு பையன் போனானா?"

"போனான். திரும்பிக்கூடப் பார்க்கல." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா, ஓடலைங்க. நடந்துதான் போனான்."

நடுவுக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.